பெரியவரிடம் கேட்டுச் சொல்கிறேன்

வீட்டில் எனக்குத் துருவி என்று பெயர். அக்கா வைத்தது. சின்ன வயதில் யாராவது மிட்டாய் நீட்டினால்கூட எதற்குத் தருகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவேனாம். அதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. காரணமில்லாமல் ஒருவர் சிரித்தால் எனக்குச் சந்தேகம் வரும். ரொம்ப நன்றாகச் சிரித்தால் இன்னும் அதிகமாக வரும்.

இந்தக் குணத்துக்கு யாராவது சம்பளம் தருவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அக்கா வேலை பார்த்த கம்பெனி தந்தது. சலவைக் கடைகளுக்கான மென்பொருள் செய்கிற இடம் அது. கடைக்காரர் துணியை வாங்கிக்கொண்டு கணினியில் பதிந்தால், ஒவ்வொரு துணிக்கும் எண் போட்ட சின்னச் சீட்டு ஒன்று அச்சாகி வரும். அதைச் சட்டைக் காலரில் குத்திவிடுவார்கள். திருப்பிக் கொடுக்கும்போது எண்ணைப் பார்த்துக் கொடுப்பார்கள். ஏதாவது சிக்கல் என்றால் கடைக்காரர் எங்கள் ஆபீசுக்கு ஃபோன் செய்வார். ஃபோன் எடுக்க நான்கு பேர் இருந்தார்கள். நான்காவது ஆள் அக்கா, கடைசியாகச் சேர்ந்தவள்.

ஃபோன் எடுக்கிற வேலை எனக்கு இல்லை. கம்பெனியின் இணையதளத்தில் 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்று ஒரு பக்கம் இருந்தது. அதைப் புதிதாக எழுத வேண்டும். பழைய பக்கத்தை முதல் நாள் படித்துவிட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'எங்கள் மென்பொருள் ஏன் மற்றவற்றைவிடச் சிறந்தது?' என்று ஒரு கேள்வி. எந்தச் சலவைக் கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஃபோனை எடுத்து இதைக் கேட்டார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மேனேஜர் அந்தக் கோபத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். மெதுவாகப் பேசுகிற மனிதர். எதிரில் வருகிறவருக்கு அவரே நாற்காலியை இழுத்துப் போடுவார். அதனாலேயே அவர்மேல் எனக்கு ஒரு கண் இருந்தது.

"பதிலை யார் வேணும்னாலும் எழுதிடலாம்மா. சரியான கேள்வியைக் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம்" என்றார். "ஃபோன் டீம் பக்கத்துல உக்காரு. ரெண்டாவது ஹெட்ஃபோன் தரச் சொல்றேன். அவங்க பேசறதை எல்லாம் கேளு. ஒரு மாசத்துல பேஜ் வரணும், வந்தப்புறம் ஃபோன் குறையணும். குறைஞ்சா உன்னை நிரந்தரம் பண்ணிடலாம். இல்லேன்னா பார்க்கலாம்."

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கு இந்த வேலை நிலைக்க வேண்டும். மாமாவின், அதாவது அக்கா வீட்டுக்காரரின், மரப்பட்டறை மூடிக் கிடந்தது. முதுகு பிடித்துக்கொண்டு வீட்டோடு இருந்தார். நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அக்கா சம்பளத்தில்தான் மூன்று பேரும் சாப்பிட்டோம். ஆனால் ஃபோன் குறைந்தால் ஃபோன் எடுக்கிறவர் எதற்கு? இதையும் நான் யோசிக்காமல் இல்லை. என் நாற்காலி நிலைத்தால் அக்காவின் நாற்காலி ஆடும். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டில் இருவரும் இதைப்பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஃபோன் அறை நீளமாக, ஜன்னல் இல்லாமல் இருந்தது. சுவரில் பஞ்சுப் பலகை அடித்திருந்தார்கள். முதல் மேசை சீனியருடையது. கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறவர், பேசும்போது பேனாவால் காதைக் குடைவார். அடுத்தது கடலை. ஓயாமல் வறுத்த கடலை மெல்லுகிற ஆள், அதனால் அந்தப் பெயர். மூன்றாவது மேசைப் பெண்ணைத் தேன் என்பார்கள். குரல் அப்படி. திட்டிக்கொண்டு ஃபோன் செய்கிறவர்கள்கூட அவளிடம் பேசி முடிக்கும்போது மன்னிப்புக் கேட்பார்கள். கடைசி மேசை அக்கா. நான் ஹெட்ஃபோனோடு போய் உட்கார்ந்ததும் கடலை எனக்கு ஒட்டு என்று பெயர் வைத்துவிட்டான். ஒட்டுக்கேட்கிறவள் என்பதன் சுருக்கம். சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

முதல் வாரமே சீனியர் ஒரு தாளில் கேள்விகளை எழுதி என்னிடம் நீட்டினார். "இந்தாம்மா, உனக்கு எதுக்கு வீண் அலைச்சல். இதுதான் எல்லாரும் கேக்கறது" என்றார். கடவுச்சொல்லை மாற்றுவது எப்படி? கடையின் முகவரியைத் திருத்துவது எப்படி? ரசீதில் எழுத்துகளைப் பெரிதாக்குவது எப்படி? எல்லாம் இப்படியே இருந்தன. படிக்கப் படிக்க எனக்கு மூக்கு வியர்த்தது. கோபமாக ஃபோன் செய்கிற ஒருவரும் 'மாற்றுவது எப்படி' என்று கேட்க மாட்டார். 'என்னங்க இது, திறக்கவே மாட்டேங்குது' என்பார். தாளில் இருந்த கேள்விகளில் ஒன்றில்கூட வியர்வை பட்டிருக்கவில்லை. நான் தாளை மடித்து வைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றி சார்" என்று பல்லைக் காட்டினேன்.

பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன். சில ஃபோன்கள் சாதாரணமாக முடிந்தன. பாதிக்கு மேல் ஃபோன்களில் ஒரு கூத்து நடந்தது. கடைக்காரர், "சட்டை மாறிப் போயிடுச்சுங்க" என்று ஆரம்பிப்பார். உடனே எடுத்தவர், "ஒரு நிமிஷம் இருங்க, பெரியவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பார். ஒலியை அடைப்பார். என்னைப் பார்த்து, "இது வேற லைன்ல போகும்மா" என்று என் ஹெட்ஃபோனைக் கழற்றச் சொல்வார். நான் கழற்றியதும் சும்மா உட்கார்ந்திருப்பார். கடலையாக இருந்தால் நாலு கடலை மெல்லுவான். சீனியராக இருந்தால் காது குடைவார். அப்புறம் ஒலியைத் திறந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு கிசுகிசுவென்று ஏதோ சொல்லி முடிப்பார்.

"யாரு சார் பெரியவர்?" என்று சீனியரிடம் கேட்டேன்.

"மேல இருக்காரும்மா" என்றார்.

மேலே போய்ப் பார்த்தேன். மேல் மாடியில் புரோகிராமர்கள் இருந்தார்கள். இருந்தவர்களிலேயே வயதானவருக்கு என் வயதுகூட ஆகியிருக்காது. 'இங்கே பெரியவர் யாருங்க?' என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதற்கும் மேலே தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது. கீழே இறங்கி வந்து, "அவரைக் காணோமே சார்" என்றேன். "இன்னைக்கு லீவு போல" என்றார் சீனியர். கண்ணை இமைக்காமல் சொன்னார். என் காதில் பூ சுற்றுகிறார்கள் என்பது அந்த நிமிடமே உறுதியாகிவிட்டது.

அக்கா என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். அவளும் அதையேதான் செய்தாள். 'சட்டை' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என்னைப் பார்க்காமல் ஹெட்ஃபோனைக் கழற்றும்படி கையைக் காட்டுவாள். என் கூடப் பிறந்தவள். ஒரே தட்டில் சாப்பிட்டவள். எனக்கு எரிந்த எரிச்சலை வார்த்தையில் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து வாயைக் கிளறிப் பார்த்தேன். ஆபீசில் ரொம்ப வேலையோ, தலை வலிக்கிறதோ, யாராவது திட்டினார்களோ என்று நூல் விட்டேன். அவள் பிடி கொடுக்கவில்லை. "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். போய்ப் படு" என்றாள்.

மாமா தரையில் பலகை போட்டுப் படுத்துக்கொண்டு இதையெல்லாம் கேட்பார். "துருவி, உங்க அக்கா பீரோ சாவியை எங்க வெக்கறான்னு நான் இத்தனை வருஷமா தேடறேன். உனக்கு மட்டும் சொல்லிடுவாளா?" என்பார்.

மாசம் முடிகிற நேரம் நெருங்கியது. என் கையில் இருந்தது சீனியர் கொடுத்த வெள்ளை வெளேரென்ற கேள்விகள்தான். அதைப் போட்டால் ஒரு ஃபோன்கூடக் குறையாது. நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர்கள் திட்டமே அதுதான் என்று எனக்குப் பட்டது. இருக்கட்டும் என்று ஒரு நாள் ஆபீசுக்குப் பல்வலி என்று சொல்லிவிட்டு, எங்கள் மென்பொருளை வைத்திருக்கிற ஒரு சலவைக் கடையைத் தேடிப் போனேன்.

முக்குத் திரும்பினால் ஒரு செருப்புக் கடை, அதற்கு அடுத்தது அந்தக் கடை. உள்ளே நீராவியும் சோப்பு வாசனையுமாக இருந்தது. மேலே கம்பியில் துணிகள் வரிசையாகத் தொங்கின. குனிந்துதான் நடக்க முடிந்தது. கடைக்காரம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் எந்தக் கம்பெனி என்று சொன்னதும் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நல்ல சமயத்துல வந்தீங்க. நேத்து ராத்திரி உங்காளுங்க ஏதோ புதுசா ஏத்திட்டாங்க போல. இன்னைக்குக் காலையிலிருந்து நம்பர் மறுபடி ஒண்ணுல ஆரம்பிக்குது. நேத்து வந்து இன்னும் வாங்கிட்டுப் போகாத சட்டைக்கும் ஒண்ணு, இன்னைக்கு வந்த சட்டைக்கும் ஒண்ணு. ஒருத்தர் சட்டையை இன்னொருத்தருக்குக் குடுத்துட்டேன். அவர் கல்யாணத்துக்குப் போட்டுக்கிட்டுப் போயிட்டாரு" என்றார்.

"இது அடிக்கடி வருமா?"

"நீங்க புதுசா ஏத்தும்போதெல்லாம் வரும். பெரியவரைக் கேட்டுத்தான் சரிபண்ணணும்." குரலைத் தாழ்த்தினார். "அவருக்கு இப்ப உடம்பு தேவலையா? போன தடவை அந்தத் தேன் மாதிரிப் பேசற பொண்ணு, அவருக்கு மூச்சு வாங்குது, அதான் லேட்டுன்னு சொல்லிச்சு. பாவம். நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

இல்லாத மனிதனுக்கு மூச்சு வாங்குகிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"எப்படிச் சரிபண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

"அது என்னமோ இங்க அமுக்கு அங்க அமுக்குன்னு வேகமா சொல்வாங்க. சொல்ற மாதிரி அமுக்குவேன். அப்புறம் மறந்துடும்" என்றார்.

சட்டென்று எனக்கு யோசனை வந்தது. "உங்க ஃபோனைக் குடுங்க. உங்களுக்குப் பதிலா நான் பேசறேன்" என்றேன். அவர் சந்தோஷமாகக் கொடுத்தார். கணினி முன்னால் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஆபீஸ் எண்ணை அழுத்தினேன். மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு, வயதான பெண் மாதிரி குரலை மாற்றிக்கொண்டேன். நான்கு பேரில் யார் எடுத்தாலும் சரி, இன்றைக்குக் குட்டு உடைந்துவிடும் என்று நினைத்தேன். கடலை எடுத்தால் நன்றாக இருக்கும் என்று மனதுக்குள் ஆசைப்பட்டேன்.

"வணக்கம், சொல்லுங்க" என்றது குரல். அக்கா.

வைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வைக்கவில்லை. "சட்டை மாறிப் போச்சும்மா. ஒரே நம்பர் ரெண்டு தடவை வருது" என்றேன்.

பெரியவர் வரப்போகிறார் என்று காத்திருந்தேன். பின்னால் கடலை யாரிடமோ உரக்கப் பேசுவது மட்டும் கேட்டது.

"எழுதிக்கறீங்களா மேடம்?" என்றாள் அக்கா. "மெதுவா சொல்றேன். மூணாவது பக்கத்துல 'அமைப்பு'ன்னு இருக்கும், அதைத் திறங்க. கீழ வாங்க. கடைசியில 'நாள் மாறினால் எண் புதிதாகத் தொடங்கட்டும்'னு ஒரு கட்டம் இருக்கும். அதுல டிக் இருக்கா?"

இருந்தது.

"அதை எடுத்துடுங்க. அவ்வளவுதான். மென்பொருள் புதுசாகும்போதெல்லாம் அந்த டிக் தானா திரும்பி வந்துடும். ஒவ்வொரு தடவையும் எடுத்தாப் போதும். மேல மாடியில இருக்கறவங்களுக்கு இது தெரியாது. யாரும் அவங்களுக்குச் சொல்லல. சொன்னா ஒரே நாள்ல சரிபண்ணிடுவாங்க. எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்" என்றேன். என் கையில் பேனாவே இல்லை.

"வேற ஏதாவது கேள்வி இருக்கா மேடம்?"

"இல்லம்மா."

"அப்ப வரும்போது மாமாவுக்கு முதுகுத் தைலம் வாங்கிட்டு வா. தீந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டாள்.

கடைக்காரம்மா, "பெரியவர் லைன்ல வந்தாரா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று தெரியவில்லை, அவர் திருப்தியாக இஸ்திரிக்குத் திரும்பினார். எனக்கு முகமெல்லாம் சூடாக இருந்தது. திருடனைப் பிடிக்கப் போய், திருடன் என் கையிலேயே சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

தைலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மாமா உலர்ந்த துணிகளைப் படுத்தபடியே மடித்துக்கொண்டிருந்தார். அக்கா வந்து, முகம் கழுவி, காய் நறுக்க உட்கார்ந்தாள். பல்வலி எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. நான்தான் தாங்க முடியாமல் வெடித்தேன்.

"எதுக்குச் சொன்ன?"

"கஸ்டமர் கேட்டா சொல்லணும். அதான் என் வேலை."

"மத்தவங்ககிட்ட எல்லாம் பெரியவர் பெரியவர்னு கதை விட்டீங்க. என்னை ஹெட்ஃபோனைக் கழட்டச் சொன்ன. உன் தங்கச்சியைக் கழட்டச் சொன்ன."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "முன்னாடி நாங்க ஆறு பேரு இருந்தோம். மேனேஜர் வந்து, அடிக்கடி வர்ற சிக்கலுக்கு வீடியோ எடுத்துப் போடலாம்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. எல்லாரும் ஆசை ஆசையா எடுத்துக் குடுத்தோம். ஃபோன் குறைஞ்சுது. ரெண்டு நாற்காலி போச்சு. அதுக்கு அப்புறம் இந்த ஒரு சிக்கலை மட்டும் யாருக்கும் சொல்றதில்லைன்னு ஒரு பேச்சு. நானும் சரின்னுட்டேன். மத்த கேள்வி எல்லாம் சேர்த்தாலும் இது ஒண்ணுல பாதி வராது. இது போனா, கடைசியா வந்தவ நான்தானே, முதல்ல போறதும் நான்தான்."

"அப்ப இன்னைக்கு ஏன் சொன்ன?"

"நீ கேட்ட. சொன்னேன்." மறுபடி கத்தியை எடுத்தாள். "இத்தனை நாள் என்னைத் தவிர எல்லாத்தையும் கேட்ட. தலை வலிக்குதா, யாராவது திட்டினாங்களான்னு சுத்திச் சுத்தி வந்த. மாடிக்குப் போய்த் தொட்டியைக் கேட்ட. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஃபோன் பண்ணின. 'அக்கா, நீங்க என்ன மறைக்கறீங்க'ன்னு நேரா ஒரு தடவை கேட்டியா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

மாமா ஒரு துண்டை மடித்து வைத்தார். "அவ சொல்றதும் சரிதானே துருவி" என்றார் மெதுவாக. எனக்கு அழுகை வந்தது. காயை நறுக்குகிற அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க, இந்த ஒரு மாசமாக அதை எவ்வளவு கேவலமாக நினைத்திருந்தேன் என்று வந்தது. அக்காமேல் எனக்குப் பாசம் பொங்கியது. அதைச் சொல்லத் தெரியாமல் தைலத்தைத் தூக்கி மாமா பக்கத்தில் வைத்தேன்.

"அதைப் பேஜ்ல போட மாட்டேன்" என்றேன்.

"போடு. கடைக்காரங்க பாவம், யார் சட்டையோ யாருக்கோ போகுது. எனக்கும் அந்தப் பெரியவர் கதை சொல்லிச் சொல்லி வாய் கசந்துபோச்சு."

"போட்டா உன் வேலை?"

"போகும்னு நாங்களா நெனச்சுக்கிட்டிருக்கோம். அதையும் யாரும் மேனேஜர்கிட்டக் கேக்கல. நாளைக்கு நேராப் போய்க் கேளு. கேட்டுட்டுப் போடு."

அது எனக்குச் சரியென்று பட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக உளவு பார்க்காமல், நூல் விடாமல், ஒருவரை நேராகக் கேட்கப் போகிறேன் என்று நினைத்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் மேனேஜர் அறைக்குப் போனேன். எழுதி முடித்த பக்கத்தை மேசையில் வைத்தேன். முதல் கேள்வி: 'ஒரே எண் இரண்டு சட்டைக்கு வருகிறது, என்ன செய்வது?' அவர் வழக்கம்போல் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"சார், இதைப் போட்டா ஃபோன் பாதிக்கு மேல குறையும். குறைஞ்சா ஃபோன் டீம்ல யாரையாவது வேலையை விட்டு எடுத்துடுவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் தாளைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். "நேரா கேட்டதால நேரா சொல்றேன்மா. எடுப்பேன். ஃபோன் குறைஞ்சாலும் சரி, குறையலைன்னாலும் சரி. மேலிடத்துல ஒரு ஆளைக் குறைக்கச் சொல்லிட்டாங்க. கேள்விக்காகவா உன்னை எடுத்தேன்? கேள்வியை நானே உக்காந்து எழுதியிருப்பேனே."

எனக்குப் புரியவில்லை.

"நாலு பேர் பக்கத்துலயும் இத்தனை நாள் உக்காந்து காது குடுத்துக் கேட்டிருக்க. யாரு பேசறாங்க, யாரு ஒலியை அடைச்சு வெச்சுட்டுச் சும்மா இருக்காங்க, யாரு இல்லாட்டியும் பரவாயில்லை, எல்லாம் உனக்குத் தெரியும். நான் போய் உக்காந்தா உஷாராயிடுவாங்க. உன்னை யாரு சந்தேகப்படுவா? அவங்க ஆளோட தங்கச்சி." தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "உங்க அக்காவை நான் தொட மாட்டேன், கவலைப்படாதே. மத்த மூணு பேர்ல ஒருத்தரைச் சொல்லு. சாயந்திரத்துக்குள்ள சொன்னாப் போதும். உன் நிரந்தர ஆர்டர்ல அப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டேன். அந்த ஹெட்ஃபோனை எதற்காக என் காதில் மாட்டினார்கள் என்று மட்டும் நான் ஒரு தடவை யோசிக்கவில்லை. ஃபோன் அறையில் அந்த நான்கு பேரும் முதல் நாளே யோசித்திருக்கிறார்கள். ஒட்டு என்று பெயர் வைத்தபோது கடலை விளையாட்டுக்கு வைக்கவில்லை. அவர்கள் என்னைப் பற்றி நினைத்ததெல்லாம் சரி, எனக்குத்தான் நான் யாரென்று தெரியாமல் இருந்திருக்கிறது. நான் தண்ணீரைத் தொடவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அறைந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. வெளியே வந்துவிட்டேன்.

அதே வேகத்தில் ஃபோன் அறைக்குள் நுழைந்தேன். நான்கு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தேன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். ஒளித்து வைக்கிற வேலை இனி எனக்கு ஆகாது என்று நினைத்தேன். இவ்வளவு நாள் கூத்துக்கும் காரணமே ஒருவரும் எதையும் உரக்கச் சொல்லாததுதான். சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்று நான் உண்மையிலேயே நம்பினேன்.

"மேனேஜர் உங்கள்ல ஒருத்தரை எடுக்கப் போறாராம். யாரை எடுக்கணும்னு என்னைச் சொல்லச் சொல்றாரு. அதுக்குத்தான் என்னை இங்க உக்கார வெச்சாராம்" என்றேன்.

கடலை மெல்லுவதை நிறுத்தினான். தேன், "ஒரு நிமிஷம்ங்க" என்று சொல்லி ஒலியை அடைத்தாள். சீனியர் காதிலிருந்து பேனாவை எடுத்தார். அவர் அக்காவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"நாலு பேர்லயா, மூணு பேர்லயா?" என்று கேட்டார்.

அனுபவசாலி. எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரிந்து தொட்டார். நான் பொய் சொல்லியிருக்கலாம். இன்றிலிருந்து எல்லாம் நேர் என்று நான்தான் சபதம் எடுத்திருந்தேனே.

"மூணு பேர்ல" என்றேன். "அக்காவைத் தொட மாட்டாராம்."

சீனியர் மெல்லத் தலையை ஆட்டினார். "இவளைக் கொண்டுவந்து உள்ள விட்டது யாருன்னு நான் அப்பவே கேட்டேன்" என்று பொதுவாகச் சொன்னார். தேன் தன் நாற்காலியை அக்கா மேசைப் பக்கமிருந்து கொஞ்சம் திருப்பிக்கொண்டாள். அக்கா அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தேன் மறுபடி ஃபோனுக்குள் போய்விட்டாள். இவர்களோடு சேர்ந்து ஒரே பொய்யை இத்தனை நாள் சொன்னவள் அக்கா. மதியச் சோற்றை இவர்களோடு பகிர்ந்து தின்றவள். ஒரே நொடியில் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். தள்ளியது என் கைதான்.

"அக்கா, நான் ஒண்ணும் பண்ணல" என்றேன்.

அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அவளுடைய ஃபோன் ஒலித்துக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை.

"அவர் கேட்டதுக்கு நீ என்ன சொன்ன?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லல."

"யார் பேரையும் சொல்லல?"

"சத்தியமா சொல்லல. வாயையே திறக்கல."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சின்ன வயதில் நான் சர்க்கரை டப்பாவைத் தொட்டேனா இல்லையா என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிறவள். அவளுக்கு என் பொய்யும் தெரியும், என் மெய்யும் தெரியும். அதனால்தான் இத்தனை வருஷத்தில் என்னை எதையும் இரண்டாவது தடவை கேட்டதில்லை.

"நிஜமா?" என்றாள்.

நிஜமாத்தான் என்றேன். என் காதுக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.